தனித்த எலிக்குத் துணை தேடல் – ஓர் அறவியல் நோக்கு

“எலி வளையானாலும் தனிவளை வேண்டும்” என்பது தமிழ் வழக்கிலுள்ள பழமொழி. தனிக்குடித்தனத்தில் மனிதன் கொண்ட விருப்பத்தை எலியின்மேல் ஏற்றிக் கூறிய கூற்று இது. வயல் வரப்பிலே வளை தோண்டி வாழும் எலிவகைகளுட் சில பெரும்பாலும் வளைக்கு ஒன்றாய் வாழ்வன. அவ்வளவில் பழமொழி பொய்யன்று. ஆயின் எலி என்னும் ஒரு பெயருக்குள்ளே இயல்பால் வேறுபட்ட பல இனங்கள் அடங்கியுள்ளன. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் வீட்டுக் கூடுகளில் வளர்க்கப்பெறும் எலி, நோர்வே எலி எனப் பிழையாகப் பெயர்பெற்ற பழுப்பெலியின் வழிவந்தது. ஆசியாவின் வடபுலத்திலிருந்து உலகெங்கும் பரவிய அவ்வினம் கூட்டமாய் வாழ்வது. ஒன்றன்மேல் ஒன்றாய்க் குவிந்து உறங்குவது. ஒன்றன் மயிரை ஒன்று கோதிவிடுவது. தனிவளை அதற்குப் பேறன்று.

இத்தகைய எலிகள் இரண்டு ஒரு கூட்டில் வாழ்கின்றன. அவற்றுள் ஒன்று இறந்துபோக, எஞ்சியது உணவைக் குறைத்து, துணிப்படுக்கையை விட்டு வெளிவராது கிடப்பதை அதனை வளர்ப்பவர் காண்கின்றார். அதற்கு இன்னொரு துணையைத் தேடிக் கொடுக்கவேண்டிய கடப்பாடு அவருக்கு உண்டா? உண்டெனின் அஃது இரக்கத்தின் பாற்பட்ட ஈகையா, அன்றித் தீர்த்தே ஆகவேண்டிய கடனா? அக்கடனைத் தீர்க்கும் பொருட்டு மூன்றாம் உயிரொன்றைக் கொணர்ந்து அக்கூட்டில் அடைத்தல் தகுமா? இலங்கையிலே எலி என்றவுடன் நினைவுக்கு வருவன நெல்லழிவும் எலிக்காய்ச்சலுமே ஆதலின், இவ்வினாக்களைக் கேட்போர் முதலில் நகைப்பர். விநாயகரின் காலடியில் வைத்து வணங்கும் உயிருக்கே அடுக்களையில் பொறி வைக்கும் சமுதாயத்தில் இந்நகைப்பு வியப்புக்குரியதன்று. ஆயினும் வினா சிறிய உயிரைப் பற்றியதாதலின் சிறிய வினாவாகிவிடாது. அன்பு எங்கே முடிகின்றது, உடைமை எங்கே தொடங்குகின்றது என்பது இதனுள் அடங்கிக் கிடக்கின்றது.

எலி வீட்டுப் பிராணியான வரலாறு அருளில் தொடங்கியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டு இலண்டனில், அடைத்த களத்தினுள் எலிகளை விட்டு நாயைக்கொண்டு கொல்வித்துப் பந்தயம் கட்டும் கேளிக்கை பெருவழக்காயிருந்தது. விக்ரோறியா மகாராணியாரின் எலிபிடிகாரன் எனப் பெயர்பெற்ற ஜாக் பிளாக் என்பான், தான் பிடித்தவற்றுள் நிறம் வேறுபட்டவற்றைத் தனியே வைத்துப் பெருக்கி விற்றான் என்ற செய்தி, இலண்டன் வறியோரைப் பற்றி ஹென்றி மேஹியூ எழுதிய நூலால் தெரியவருகின்றது. 1901 இல் மேரி டக்ளஸ் என்னும் பெண்மணியின் முயற்சியால் எயில்ஸ்பரிக் கண்காட்சியில் எலிகளும் இடம்பெற்றன. 1908 இல் பீற்றிக்ஸ் பொட்டர் தாம் எழுதிய சிறுவர் கதையொன்றைத் தாம் முன்னர் வளர்த்த சாமி என்னும் எலியின் நினைவுக்குக் காணிக்கையாக்கினார். வளர்ப்பெலிகளுக்கென இங்கிலாந்தில் ஒரு தேசிய சங்கம் 1976 இல் தோன்றிற்று. இதற்கிடையே பிலடெல்பியாவிலுள்ள விஸ்ரார் நிறுவனத்தில் 1906 ஐ ஒட்டித் தொடங்கிய வெள்ளெலிப் பெருக்கம் உலகத்து ஆய்வுகூடங்களை நிரப்பிற்று. பந்தயக் களத்திலும் ஆய்வுகூடத்திலும் குழந்தையின் மடியிலும் இருந்தது ஓரினமே. இன்று கூட்டிலுள்ள எலியின் நூறு தலைமுறை முன்னோரும் கூட்டிலேயே பிறந்தவை. வெளியே விட்டால் அது பிழைக்காது. இச்செய்தி பின்னர் வேண்டப்படும்.

எலி தனிமையை உணர்கின்றது என்பதற்குச் சான்று யாது என ஒருவர் வினவலாம். விலங்கு ஒரு பொறியே என்ற தெக்காட்டின் கொள்கையை ஏற்போருக்கு இவ்வாராய்ச்சி முழுவதும் வீண். 1789 இல் வெளிவந்த நூலிலே பென்தம் அறிஞர், விலங்குக்கு அறிவுண்டா, பேச்சுண்டா என்பவற்றை விடுத்து, அது துன்புறக்கூடியதா என்பதையே கேட்டல் வேண்டும் எனத் திசைதிருப்பினார். அவ்வினாவுக்கு அண்மைக் காலத்து ஆய்வுகள் சில விடை தருகின்றன. மனிதச் செவி ஏறத்தாழ 20 கிலோஹேர்ட்சுக்கு மேற்பட்ட ஒலியைக் கேளாது. எலிகள் தம்முள் விளையாடும்போது 50 கிலோஹேர்ட்ஸ் அளவினதாய ஒலியை எழுப்புகின்றன. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஆய்வு செய்த யாக் பங்செப், மனிதக் கை கிச்சுக்கிச்சு மூட்டும்போதும் எலிகள் அவ்வொலியையே எழுப்புவதை 1990 களின் பிற்பகுதியில் கண்டார். எலிகளோடு வாழ்ந்த மனிதர், தம் செவிக்கு எட்டாமையால், அவற்றை ஊமை எனவே எண்ணியிருந்தனர்.

2011 இல் சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் பென்-அமி பார்ற்றல், டிசெற்றி, மேசன் ஆகியோர் செய்த ஆய்வு இன்னும் நுணுகியது. ஒரே கூட்டில் வாழும் இரண்டு எலிகளுள் ஒன்றை ஒடுக்கமான குழாயொன்றினுள் அடைத்துவிட்டு மற்றதை வெளியே உலாவவிட்டனர். வெளியிலிருந்தது நாட்கள் சில முயன்று, குழாயின் கதவைத் திறக்கக் கற்றுத் துணையை விடுவித்தது. வேறொரு குழாயிலே சொக்லேற் துண்டுகளை வைத்தபோதும் இரண்டு கதவுகளையும் திறந்தது. பல வேளைகளில் சொக்லேற்றில் ஒரு பங்கை விடுவிக்கப்பட்டதற்கு விட்டும் வைத்தது. இதனை இரக்கம் என்றல் மிகைப்படக் கூறலாகும், தனித்திருக்கும் எலி துணையை நாடியே கதவைத் திறந்திருக்கலாம் என 2014 இல் வேறு ஆய்வாளர் மறுத்தனர். அம்மறுப்பு வலியதே. ஆயின் ஈண்டு எடுத்துக்கொண்ட வினாவுக்கு எப்பக்கம் வென்றாலும் முடிபு ஒன்றுதான். இரக்கத்தால் திறந்ததாயின் துணை அதற்கு ஒரு பொருட்டு. தன் தனிமை தாளாது திறந்ததாயின் அது பின்னும் பெரியதொரு பொருட்டு.

இனிக் கடப்பாட்டின் தன்மையை நோக்குவோம். விலங்குக்கு நேரே மனிதன் கடன்படுவதில்லை, விலங்கிடத்துக் கொடுமை பழகுவோன் மனிதரிடத்தும் கொடியனாவான் என்பதற்காகவே அதனைத் தவிர்த்தல் வேண்டும் என்பது கான்ற் என்னும் செருமானிய அறிஞரின் கருத்து. இதன்படி நோக்கின், தனித்த எலி வளர்ப்பவரின் நல்லொழுக்கத்துக்கு ஒரு பயிற்சிக் களம் மட்டுமே. இக்கருத்து ஓர் உண்மையை மறைக்கின்றது. நிலத்தடி வளையில் துணையை இழந்த எலி வேறு கூட்டத்தை நாடிச் செல்லலாம், தோற்கலாம், சாகலாம். எதுவாயினும் அதற்குக் கால்களும் வழியும் உண்டு. கூட்டிலுள்ள எலிக்கு அவ்வழியை அடைத்தவர் வளர்ப்பவர். அதன் தனிமை இயற்கையால் நேர்ந்ததன்று. கூட்டுக் கதவின் கொளுவியால் நேர்ந்தது.

முல்லைக்குத் தேர் ஈந்த பாரியின் செயலைக் கொடைமடம் எனத் தமிழ்ப் புலவர் போற்றுவர். அது கொடையே, ஏனெனில் அம்முல்லையைக் கொழுகொம்பற்ற இடத்தில் நட்டவன் பாரியல்லன். வழியிற் கண்டதற்கு இரங்கினான். இரங்காது சென்றிருப்பினும் அவனைப் பழிப்பார் இலர். எலி வளர்ப்பவரோ முல்லையைத் தாமே நட்டவர். சுற்றியிருந்த மரங்களையும் தாமே நீக்கியவர். ஆதலின் அவர் துணை தேடுவதை அருட்செயலெனப் பாராட்டுதல் பொருந்தாது. கடன்பட்டவன் கடனைத் திருப்பிக் கொடுக்கும்போது அவனை வள்ளல் எனல் எங்ஙனம்?

இக்கடன் எல்லா உயிர்க்கும் ஒரே வடிவினதன்று என்பதையும் உடன் கூறல் வேண்டும். பொன்னிற ஹாம்ஸ்ரர் எனப்படும் சிறு விலங்கு வளர்ந்தபின் தனித்து வாழ்வது. அதன் கூட்டில் இன்னொன்றை விட்டால் இரண்டும் பொருதுகொள்ளும், ஒன்று மற்றதைக் கொன்றும் விடலாம். தனிமையை அஞ்சும் மனிதர், ஹாம்ஸ்ரருக்கும் துணை வேண்டுமென எண்ணி அதனைக் கொல்லக் கொடுப்பர். தனிமையை விரும்பும் மனிதர், எலிக்கும் தனிவளை போதும் என்பர். இருவரும் தம்மையே விலங்கினுள் காண்கின்றனர்.

வளர்ப்போரிடையே நெடுங்காலமாக நிலவும் நம்பிக்கையொன்று ஈண்டு ஆராயத்தக்கது. தனியே வளர்க்கப்பெறும் எலி மனிதனிடம் மிகுந்த பற்றுக்கொள்ளும், இரண்டாய் வளர்ப்பின் அவை தமக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு மனிதனைப் பொருட்படுத்தா என்பது அது. இதனால் ஒன்றையே வாங்குவோர் உளர். இரண்டில் ஒன்று இறந்தபின், “இனி நானே அதற்குத் துணை” என அமைவோரும் உளர். பின்னவரின் உள்ளம் பெரும்பாலும் தூயதே. இறந்த எலிக்காக வருந்தும் அவரும் தனித்தவராயிருத்தல் கூடும். முதியோர் பலர் தனித்து வாழும் மேலைநாட்டு நகரங்களில், மாலையில் வீடு திரும்பும்போது கூட்டின் கம்பியைப் பற்றி எழுந்து நிற்கும் ஒரு சிற்றுயிரின் வரவேற்பு இகழத்தக்கதன்று.

ஆயின் அவ்வரவேற்பு எதனால் விளைந்தது? வேறு எவரும் இல்லாமையால் விளைந்தது. ஓர் உயிர்க்கு உரிய சுற்றத்தை எல்லாம் விலக்கிவிட்டு, எஞ்சிய ஒரே முகமாகத் தன் முகத்தை அதன்முன் வைத்து, அது தன்னை நோக்கி ஓடிவருவதைக் கண்டு அன்பு என மகிழ்தலில் ஒரு குற்றம் உளது. மனிதர்க்குள்ளும் இது காணப்படாததன்று. மனைவியை அவள் பிறந்தகத்தாரோடும் தோழியரோடும் பேசவிடாது வைத்து, அவள் தன்னையன்றி வேறு எவரையும் அறியாள் எனப் பெருமை பேசும் கணவன் எல்லா ஊர்களிலும் உளன். எலி வளர்ப்பவர் அத்தகைய கொடியவர் அல்லர். அவர் அறியாது செய்கின்றார். எனினும் விளையும் பற்றின் தன்மை ஒன்றே. அதன்றியும், அந்நம்பிக்கை முழுதும் மெய்யுமன்று. நாள்தோறும் கையில் எடுத்துப் பழக்கினால் கூட்டமாய் வாழும் எலிகளும் மனிதனை நாடி வருவதை வளர்ப்போர் பலர் அறிவர். அவ்வாறு வருவது, வேறு துணை இருந்தும் வருவது.

மனிதன் எலிக்கு முழுத்துணை ஆகமுடியாமைக்கு வேறு காரணமும் உண்டு. நிக்கோமாக்கிய அறவியலில் நட்பைப் பற்றி விரித்துரைத்த அரிஸ்ரோட்டில், குதிரையோடும் எருதோடும் மனிதனுக்கு நட்பில்லை, இருவருக்கும் பொதுவானது ஏதுமில்லை ஆதலின், என்றார். அதே இடத்தில் அடிமையையும் அடிமை என்ற அளவில் அவ்வாறே ஒதுக்கிய அவரது கூற்றை இன்று எவரும் முற்றும் ஏலார். ஆயினும் பொதுவானது வேண்டும் என்ற கருத்தைத் தள்ளிவிடல் எளிதன்று. எலி இரவில் விழிப்பது. மனிதன் இரவில் உறங்குவது. எலியின் உலகம் மணத்தாலானது. மனிதனின் உலகம் காட்சியாலும் சொல்லாலும் ஆனது. இளம் எலிகள் ஒன்றன் பிடரியை ஒன்று நாடி உருண்டு விளையாடும் விளையாட்டை மனிதக் கை ஓரளவு போலச்செய்யலாம்; உறக்கத்தில் உடலோடு உடலாய்க் கிடக்கும் வெம்மையை அரைமணி நேர வருகையால் ஈடுசெய்தல் இயலாது.

ஆகவே துணை வேண்டும் என்பது முடிந்தது. எத்துணை, எங்கிருந்து என்பதே சிக்கலானது. இறந்ததன் இடத்தைப் புதியது நிரப்பிவிடும் என எண்ணுதல் பேதைமை. புதிய எலி கூட்டுக்கு வெளியிலிருந்து வரும் அயலான். நோயிருப்பின் பரவாதிருக்க இரண்டு மூன்று கிழமைகள் வேறிடத்தில் வைத்தல் வேண்டும். வளர்ப்பெலிகளிடையே மூச்சுக்குழல் நோய் மிகுதி. பின்னர் இரண்டுக்கும் உரிமையில்லாத பொது இடத்தில் சிறுபொழுது சந்திக்கவிட்டு, மயிர் சிலிர்த்தலையும் பக்கவாட்டில் தள்ளுதலையும் கவனித்து, கழுவித் துடைத்த கூட்டில் இரண்டையும் ஒன்றாய்ப் புகவிடுதல் வேண்டும். வளர்ந்த ஆண்கள் இரண்டு சேரின் குருதி சிந்தலாம். ஆணும் பெண்ணும் சேரின் மூன்று கிழமைகளில் எட்டுப் பத்துக் குட்டிகள் பிறக்கும். பொறுமை வேண்டப்படும் இவ்வேலையைச் செய்து முடித்தவர் தம் கடனைத் தீர்த்துவிட்டதாகவே எண்ணுவர்.

தீர்க்கவில்லை. புதிதாய் வந்த எலியின் நிலையிலிருந்து நோக்கின், அது தன் தனிமைக்கு மருந்து தேடி வரவில்லை. பிறிதொன்றின் தனிமைக்கு மருந்தாகக் கொணரப்பட்டது. எவரையும் கருவியாக மட்டும் கொள்ளற்க என்று கான்ற் மனிதரைக் குறித்துச் சொன்ன விதி, அவர் விலக்கிய எல்லையையும் தாண்டி இங்கே வந்து நிற்கின்றது. விலைக்கு வாங்கினால், அவ்விலை இன்னொரு குட்டியைப் பிறப்பிக்கத் தூண்டும். பாம்புகளுக்கு இரையாக எலிகளைப் பெருக்குவதும் இந்நாடுகளில் ஒரு வணிகம். கைவிடப்பட்ட விலங்குகளைப் பேணும் நிலையங்களில், துணையின்றி வந்து சேர்ந்த எலிகள் உள. அங்கிருந்து எடுத்துவருபவர் இரண்டு தனிமைகளை ஒருங்கே நீக்குகின்றார். புதியது கருவி மட்டும் ஆகாமைக்கு இதனினும் நேரிய வழி காண்டல் அரிது.

ஆயினும் காலம் என்பதொன்று உண்டு. எலியின் ஆயுள் இரண்டு அல்லது மூன்று ஆண்டு. எஞ்சிய எலிக்கு இரண்டு வயது எனக் கொள்க. அதற்கு ஒரு குட்டியைத் துணையாக விட்டால், விளையாட விழையும் குட்டிக்கு முதிய எலி ஈடுகொடாது. ஆதலின் குட்டிகள் இரண்டாக விடுதல் நன்று என அனுபவமுடையோர் கூறுவர். சில மாதங்களில் முதியது இறக்கும். குட்டிகள் வளரும். ஓராண்டோ ஈராண்டோ கழித்து அவற்றுள் ஒன்று இறக்கும். அன்று வளர்ப்பவர் தொடங்கிய இடத்திலேயே நிற்பார். மீண்டும் ஒரு தனித்த எலி, மீண்டும் அதே கடன். முதற் கூட்டின் கதவை அடைத்த நாளில் பட்ட கடனைத் தீர்க்கத் தீர்க்க அது புதுப்பிக்கப்படுகின்றது. வளர்க்க விரும்புவோர்க்கு இச்சங்கிலி இனிதாகவே இருக்கலாம். முதுமையாலோ நோயாலோ வறுமையாலோ இதனை நிறுத்த விரும்புபவர் என் செய்வார்? இறுதி எலி ஒன்று தனித்துச் சாகவேண்டும் என்பது விதியா?

இவ்விடர்ப்பாட்டைச் சட்டத்தால் எதிர்கொண்ட நாடு சுவிற்சர்லாந்து. 2008 செப்ரெம்பர் முதல் நடைமுறைக்கு வந்த விலங்குக் காப்பு விதிகள், கூட்டமாய் வாழும் இன விலங்குகளுக்குத் தம்மினத்தோடு தொடர்பு அளித்தல் வேண்டும் என்றன. எலி, கினிப்பன்றி முதலியவற்றை ஒன்றாகத் தனித்து வைத்தலை விலக்கின. துணையிழந்த கினிப்பன்றியை வைத்திருந்தோர், முடிவில்லாது வாங்கிக்கொண்டிருக்கவேண்டிய நிலைக்கு உட்பட்டனர். அதன் விளைவாக ஒரு வழக்கம் அங்கே தோன்றிற்று. வளர்ப்பவர் ஒருவர், தம்மிடமுள்ள கினிப்பன்றியைத் துணையிழந்த மற்றொன்றின் எஞ்சிய வாழ்நாளுக்கு இரவலாகக் கொடுத்து, அது இறந்தபின் திருப்பிப் பெற்றுக்கொள்வார். கேட்போர் நகைக்கும் இச்செய்தி பத்திரிகைகளிலும் வேடிக்கையாகவே வந்தது. சங்கிலியை நிறுத்தும் வழி இது என்பதில் ஐயமில்லை. எனினும் இரவல் துணை மற்றதன் சாவைக் கண்டு, பழகிய கூட்டை நீங்கி, மீண்டும் அயலாகத் திரும்பவேண்டியுளது. ஒருவரின் வீட்டுத் துயரை நீக்க அவ்விலங்கு இருமுறை இடம்பெயர்கின்றது.

இன்னொரு வழியுண்டு, பெரும்பாலோர் அதனைக் கடைசியிலே நினைப்பர், அல்லது நினைக்கவே அஞ்சுவர். எஞ்சிய எலியிடம் ஒரு துணையைக் கொணர்வதற்கு மாறாக, துணைகள் உள்ள இடத்துக்கு எலியைக் கொடுத்துவிடலாம். எலிகள் பலவற்றைக் கூட்டமாய் வளர்க்கும் வேறொருவர் வீட்டில் அதனைச் சேர்த்துவிட்டால் புதிய உயிர் எதுவும் கருவியாகாது, சங்கிலியும் அறும், எலி தன் இறுதி மாதங்களை உடல்களின் குவியலில் உறங்கிக் கழிக்கும். இவ்வழியில் இழப்பவர் வளர்ப்பவர். எலிக்குத் துணை தேடுகின்றேன் எனக் கூறுபவருட் பலர், தம் கண்ணெதிரே, தம் கூட்டினுள்ளே, தம் கையால் உணவு பெறும் எலிக்குத் துணை தேடுகின்றனர். அந்நிபந்தனைகளைச் சொல்லாது விடுகின்றனர். எலியின் நலத்தை வேண்டுவதும் எலியை வேண்டுவதும் இவ்விடத்திலேதான் இரண்டாகப் பிரிகின்றன. அதுகாறும் அவை ஒன்றுபோலத் தோன்றியிருந்தன. அவற்றை வேறுபிரித்துக் காட்டத் துணையெலியின் சாவு வேண்டியிருந்தது.

எலிக்கும் இழப்புண்டு எனப் பரிந்து பேசுவோர் உளர். அவர் கூற்றில் நியாயமும் உண்டு. பழகிய கையின் மணமும் குரலும் அதற்கு இல்லாதொழியும். புதிய கூட்டத்தில் மூத்தவை அதனைச் சில நாட்கள் உருட்டித் தள்ளும். 2014 இல் வெளியான ஆய்வொன்று, எலி தான் பழகிய நிறத்து இனத்தைச் சேர்ந்த அயலெலிக்கும் உதவும், பழகாத இனத்தை விட்டுவிடும் எனக் காட்டிற்று. பிறந்த நாள் முதல் வேற்றினத்தோடு வளர்ந்தது தன் இனத்தையே விட்டுவிட்டது. எலிகளும் அயலாரை எளிதில் ஏற்பன அல்ல. ஆயின் உருட்டித் தள்ளுதல் நாட்களில் அடங்கும். அதற்கு அஞ்சி ஓராண்டுத் தனிமையை விதிப்பது, எலியின் கணக்கில், வாழ்நாளின் மூன்றிலொரு பங்கை விதிப்பதாகும்.

இவ்வாறு கொடுத்தல் எல்லா வேளையிலும் கூடுவதன்று. பின்னங்கால்கள் இழுபட, மூச்சுத் திணற, இன்னும் சில கிழமைகளே இருக்கக்கூடிய எலியைப் புதிய கூட்டத்தில் எறிவது கொடுமை. அதன் கூட்டில் துள்ளும் குட்டிகளை விடுவதும் அத்தகையதே. அதற்கு வளர்ப்பவரன்றி வேறு துணையில்லை. அந்நிலையில் மாற்றவேண்டியது எலியின் கூட்டையன்று, மனிதரின் நாளொழுங்கை. மாலையில் அரைமணி நேரம் வந்து நோக்கிச் செல்வது போதாது. விளக்கைத் தணித்து, சட்டைக்குள்ளோ மடித்துணியிலோ அதனை வைத்துக்கொண்டு, அது விழித்திருக்கும் நள்ளிரவிலே அவரும் விழித்திருத்தல் வேண்டும்.